லைட் வந்த பிறகு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ரெனி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை. ஒடுகத்தூரில் பன்னிரண்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆறு மாசக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவன் நான். பொறுமை இல்லாதவனால் அது முடியுமா? ஆனால் என் புதுக் கேமராவைப் பார்த்துவிட்டு, "என் போன்லயே நல்லா வருதே" என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கேமரா வாங்கி அப்போது நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' ரகம். லென்ஸோடு ஒன்றரைக் கிலோ. பந்தலுக்குள் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் ஃப்ளாஷ் கேட்காது. நொடிக்கு இருபது படம் எடுக்கும், அதையும் சத்தமே போடாமல் எடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எதிரில் இருப்பவரின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அவர் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். வாங்கிய அன்று எங்கள் வீட்டுக் கோழியின் கண்ணைப் பிடித்துக் காட்டினேன். "கோழிக்குத் தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படும்" என்றாள் ரெனி.

ரெனி என் மனைவி. தொழிலிலும் பாதி அவள்தான். அவளிடம் ஒரு சின்னக் கேமரா உண்டு. சோப்பு டப்பா அளவு. கைப்பையில் சீப்புக்கும் ஜெபமாலைக்கும் நடுவில் கிடக்கும். பட்டனை அழுத்தினால் மூக்கை நீட்டும், மேலே ஒரு குட்டி ஃப்ளாஷ் எழுந்து நிற்கும், படம் எடுத்ததும் 'க்ளிக்' என்று ஒரு பொய்ச் சத்தம் போடும். வெளிச்சம் குறைந்தால் படமெல்லாம் ரவையைத் தூவினது மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு என் கேமராவுக்கு இன்னொரு லென்ஸ் வாங்கலாம் என்பது என் கட்சி. தள்ளுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் தள்ளுங்கள் என்பது அவள் கட்சி.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் மலை மேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கோகிலவாணி போன் செய்தாள். வேலூரில் கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்த ஆல்பத்தைப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை இளவழகன் ராணுவத்தில் இருக்கிறான். கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே மலை இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, அசாம் போகிறார்களாம். அவனுக்கு லீவு அவ்வளவுதான்.

"அண்ணா, ஆல்பம் எப்படி வந்தாலும் பரவால்ல. எங்க அப்பா சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

"இதென்னம்மா பெரிய விஷயம்?"

"இல்லண்ணா. அவரு சிரிச்சாருன்னா வூடே அதிரும். கேமராவப் பாத்தா மட்டும் கல்லாய்டுவாரு. நான் அவ்ளோ தூரம் போறேன், வருஷத்துக்கு ஒரு தபா வந்தாலே பெருசு. வீடியோ கால்லயும் அப்படித்தான் நிக்கிறாரு. எனக்கு அந்த மூஞ்ச பாத்துனு இருக்க முடியாதுண்ணா."

வாட்ஸாப்பில் ஐந்து படம் அனுப்பினாள். அவள் அப்பா துரைக்கண்ணு ஐந்திலும் ஒரே மாதிரி நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தொடையோடு ஒட்டி, உதட்டை இறுக்கி, கண்ணை இறுக மூடி. ஒரு படத்தில் சுற்றி நிற்கும் பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இவர் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்த ஆள் மாதிரி இருக்கிறார்.

"என் கேமரா கண்ணையே தேடிப் பிடிக்கும்மா. உங்க அப்பா சிரிச்ச போட்டோ இல்லாம நான் மலை எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ரெனி தலையில் அடித்துக்கொண்டாள்.

திருப்பத்தூர் வரைக்கும் பஸ், அதற்கு மேல் ஜீப். ஒன்பது மணிக்கெல்லாம் ஊருக்குள் நுழைந்துவிட்டோம். வாசலில் பந்தல், பந்தலுக்குப் பின்னால் பலா மரம், மரத்தடியில் நான்கு அண்டாக்களில் சமையல். துரைக்கண்ணு அங்கேதான் கரண்டியோடு நின்று யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னது பொய்யில்லை. உடம்பு முழுக்கக் குலுங்குகிற சிரிப்பு. பக்கத்தில் நின்றவன் தன்னை அறியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்தது.

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். அவ்வளவுதான். இருபதடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்ற மனிதருக்கு எப்படித் தெரிந்ததோ, கரண்டியைக் கீழே வைத்தார், சட்டையை இழுத்துவிட்டார், திரும்பினார், அட்டென்ஷனில் நின்றார்.

"சும்மா நில்லுங்கண்ணா, இயல்பா" என்றேன்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் எடுத்தேன். பத்து எடுத்தேன், முப்பது எடுத்தேன். என் கேமராவின் சின்னப் பச்சைக் கட்டம் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டு இம்மியும் நகரவில்லை. கண்ணை அவர் மூடவில்லை, ஆனால் எந்த நேரமும் மூடத் தயாராக முறைத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதுண்ணா" என்றேன். அவர் அசையவில்லை. முகம் கருத்துக்கொண்டே வந்தது.

"அண்ணா, மூச்சு வுடுங்க!"

உதட்டை அசைக்காமல் சொன்னார்: "லைட் வர்ல."

ரெனிதான் ஓடி வந்து, கைப்பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்து, ஒரு ஃப்ளாஷ் அடித்துவிட்டு அவரைக் காப்பாற்றினாள். ஃப்ளாஷ் அடித்த கணத்தில் கண்ணை இறுக மூடினார். பிறகு நிம்மதியாகக் கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டா பக்கம் போனார்.

விஷயத்தை அவரே பிறகு சொன்னார். வாலிபத்தில் முதல் தடவை போட்டோ எடுக்கக் கீழே போனபோது, அந்தப் போட்டோக்காரர் ரொம்பக் கண்டிப்பாம். லைட் வருகிற வரைக்கும் அசையாதே, மூச்சு விடாதே என்றாராம். இவர் நடுவில் ஒரு தடவை சிரித்துவிட்டதற்கு, எல்லார் முன்னாலும் வெளியே போ என்று சொல்லிவிட்டாராம். "அன்னிலேர்ந்து ரூல்ஸ் மீறினதே இல்ல தம்பி" என்றார் பெருமையாக.

இவர் ஒருத்தர் என்றால் சமாளிக்கலாம். தாலி கட்டி முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பெண் மாப்பிள்ளையோடு போட்டோவுக்கு வந்து நின்றபோதுதான், அந்த மலையில் முக்கால்வாசிப் பேர் அதே ரூல்ஸில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. வந்து நிற்பார்கள். நான் எடுப்பேன். "சரி, அடுத்தவங்க வாங்க" என்பேன். ஒருத்தரும் நகர மாட்டார்கள்.

"இன்னும் எடுக்கவே இல்லியே?"

"எடுத்துட்டேங்க."

"சத்தம் வர்ல?"

"இது சத்தம் போடாதுங்க. புது டெக்னிக்கு."

"லைட்டும் வர்ல?"

"லைட்டு தேவையில்லீங்க."

துரைக்கண்ணுவின் அக்கா முத்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அந்த ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. அப்புறம் இன்னா எடுத்த? சும்மா பாவ்லா காட்றியா?"

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். அது இன்னொரு தப்பு. காட்டினால் ஒவ்வொருத்தரும் பார்க்க வேண்டும் என்றார்கள். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள். "எம்மூஞ்சி ஏன் ஒரு பக்கமா கீது?" என்றார்கள். வரிசை சமையல் பந்தல் வரைக்கும் நீண்டது. பந்தி தாமதமாகிறது என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

ரெனி பேசாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சின்னக் கேமராவை நீட்டி ஒரு ஃப்ளாஷ், ஒரு க்ளிக். "ஆங், இது கேமரா!" என்றார் முத்தம்மாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். என் ஒன்றரைக் கிலோ கேமராவில் அன்றைக்குப் பதிந்தவை எல்லாம் காதுகள்.

பந்தி ஆரம்பித்ததும் அவளைப் பலா மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

"எனக்கு மரியாதையே இல்லாம பண்ணிட்ட!"

"நான் இன்னாங்க பண்ணேன்? அவங்க மூச்சப் புடிச்சுனு நிக்கிறாங்க. யாராவது மயக்கம் போட்டு வுழுந்தா உங்க டெக்னிக்கு வந்து தூக்குமா?"

"அந்த டப்பாவ இன்னிக்கே விக்கறேன் பாரு."

"வித்துக்குங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க. மணி ஒண்ணரை. நாலு மணிக்கு ஜீப்பு."

கோகிலவாணி சாப்பிடும்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஐந்தாறு தடவை என் பக்கம் புருவத்தை உயர்த்தினாள், நானும் ஐந்தாறு தடவை கையைக் காட்டிச் சமாளித்தேன். மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று ஜூமில் முயன்றேன். அவர் கண்டுபிடித்து அட்டென்ஷனில் நின்றார். ஜோக் சொன்னேன். சிரிப்பை அடக்கிக் கொண்டதில் அவர் முகம் முன்னைவிட மோசமாக வந்தது. "லைட் வரட்டும் தம்பி, அப்புறம் சிரிக்கிறேன்" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் மலையளவு நம்பிக்கையோடு கேட்டது ஒரே ஒரு படம். அது இல்லாமல் நான் எடுத்த இரண்டாயிரமும் அவளுக்குக் குப்பைதான்.

மரத்தடியில் உட்கார்ந்து காலையிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். காது, காது, காது. நடுவில் முத்தம்மாள் குடும்பம். ஃப்ளாஷுக்கு முன்னால் ஒன்பது பேரும் கம்பம் மாதிரி நிற்கிறார்கள். ஃப்ளாஷ் அடிக்கிறது. என் விரல் பட்டனிலேயே இருந்திருக்கிறது போல, அதற்கப்புறமும் கேமரா எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. அதற்கடுத்த படத்தில் ஒன்பது பேருக்கும் தோள் இறங்குகிறது. அடுத்ததில் முத்தம்மாள் வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டு மருமகள் தோளில் சாய்கிறார். அவ்வளவு அழகான படத்தை நான் பன்னிரண்டு வருஷத்தில் எடுத்ததில்லை.

மற்ற குடும்பங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதேதான். லைட் வருகிற வரைக்கும் கல். லைட் வந்த பிறகு மனுஷர்கள்.

'லைட் வரட்டும், அப்புறம் சிரிக்கிறேன்' என்று அந்த மனிதர் எனக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

ரெனியிடம் காட்டினேன். அவள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள், கூடவே ஒரு சிக்கலையும் சொன்னாள்.

"நான் லைட் போட்டாலும், உங்களுது அவரப் பாத்துனு இருந்தா, அதுக்கும் லைட் வரணும்னு நின்னுனே இருப்பாருங்க. காலைல என் லைட்ட உங்களுதுன்னு நெனச்சுட்டாரு, இப்போ ரெண்டும் வேறன்னு தெரிஞ்சு போச்சு."

உண்மைதான். பெரிய கேமரா அவர் கணக்கில் இருக்கவே கூடாது. அது இருந்தும் இல்லாததாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ரெனியும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்னக் கேமராவின் லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணி மூன்றே கால். பெட்டிகளை ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பந்தல் நடுவில் போய் நின்றேன். ஊரே இருந்தது.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன். "என் கேமரா ரிப்பேர் ஆய்டுச்சு. வேலை செய்யல."

முத்தம்மாள், "நான் காலைலயே சொன்னேனா இல்லியா!" என்று கையைத் தட்டினார். பந்தலே கொல்லென்று சிரித்தது. "அவ்ளோ பெருசு வாங்கி இன்னா பிரயோஜனம்?" என்றான் ஒருவன். "அம்மா வெச்சிருக்கிறது குட்டியா இருந்தாலும் கெட்டி" என்றான் இன்னொருவன். எனக்குக் காது சுட்டது. ரெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்தாளே, அந்தப் பார்வை. இத்தனை வருஷம் கழித்து அது கிடைக்கும் என்றால் தினம் ஒரு கேமராவை ரிப்பேர் என்று சொல்லலாம்.

துரைக்கண்ணு எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "வுடு தம்பி. மனசு கஷ்டப்படாத. மெஷின்னா அப்டித்தான். எங்க வூட்டு மாவு மிஷினும் போன வாரம் நின்னுடுச்சு."

"சரிங்கண்ணா. ரெனி சின்னதுல எடுக்கட்டும். நீங்களும் கோகிலாவும் சேர்ந்து ஒண்ணு."

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டேன். செத்தது மாதிரி வயிற்றில் கிடந்தது, லென்ஸ் மட்டும் முன்னால் பார்த்தபடி. வ்யூஃபைண்டரில் கண் வைக்க வேண்டாம், திரையைப் பார்க்க வேண்டாம். கண்ணைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. அன்று காலையிலிருந்து நான் பீற்றிக்கொண்ட அத்தனைக்கும் அதுதான் இப்போது பதில் சொல்ல வேண்டும். கையைக் கட்டிக்கொள்வது போல ஒரு விரலைப் பட்டனில் வைத்தேன்.

அப்பாவும் மகளும் நின்றார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தினார். கையைத் தொடையில் ஒட்டினார். மூச்சைப் பிடித்தார். கோகிலவாணி என்னை ஒரு தடவை பார்த்தாள், என் கழுத்தில் செத்துத் தொங்கிய கேமராவைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. அவளும் எங்களிடம் நம்பிக்கை இழந்துவிட்டாள்.

"ரெடி" என்றாள் ரெனி. ஃப்ளாஷ். க்ளிக்.

துரைக்கண்ணு கண்ணை இறுக மூடித் திறந்தார். பெரிதாக மூச்சு விட்டார். மகள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தார்.

"அடிப் போடி! நான்தான் மூச்ச அடக்கிகினு நின்னேன், நீ ஏன் அழுவுற?"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். தோள் குலுங்க, தலை பின்னால் சாய, பந்தல் அதிர. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். என் விரல் பட்டனில் அழுந்தியிருந்தது. கேமரா சத்தமே போடவில்லை. ஆண்டவரே, அந்தப் பச்சைக் கட்டம் கண்ணில் இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஜீப்புக்குப் பின்னால் ரெனி கோகிலவாணியைத் தனியாக அழைத்து வந்தாள், புடவை மடிப்பைச் சரி செய்கிற சாக்கில். நான் கேமராத் திரையை ஒரு நிமிஷம் போட்டுக் காட்டினேன். எண்பத்து நான்கு படம். பாதிக்கு மேல் சாய்ந்திருந்தன, சிலவற்றில் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் ஒன்று மட்டும் நேராக, தெளிவாக, அவர் கண்ணின் ஓரத்துச் சுருக்கம் வரைக்கும் தெரிந்தது.

அவள் திரையைத் தொட்டாள். "ரிப்பேர்னு சொன்னீங்களே அண்ணா?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். அவளும் வைத்தாள். பிறகு ரெனியைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஆனால் அது வேறு அழுகை. ஜீப் வளைவில் திரும்புகிற வரைக்கும் துரைக்கண்ணு கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் செய்து, ஆல்பத்தோடு புதூர்நாட்டுக்கு அனுப்பினோம். இன்னொன்று அசாமுக்குப் போனது. ஒரு மாசம் கழித்து, மதிய நேரத்தில் துரைக்கண்ணு போன் செய்தார். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்க்காரர் என்பதால் கத்திப் பேசினார், ஸ்டூடியோ முழுக்கக் கேட்டது.

"தம்பி, போட்டோ வந்துச்சு. அது நான்தானா?"

"நீங்கதாண்ணா."

கத்திக்கொண்டிருந்தவர் குரலை இறக்கினார்.

"எங்க அப்பாரு மாதிரியே கீது தம்பி. அவருக்கு போட்டோ ஒண்ணு கூட கெடையாது. அவருக்கும் இப்டித்தான், சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாய்டும். எனக்கும் அப்டி ஆவும்னு எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னாடி எவன் நின்னு சிரிச்சுப் பாப்பான்?"

ரெனி கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க அக்காவும் பாத்துட்டு உக்காந்துடுச்சு. அதுக்கு ஒரு காப்பி போட்டுக் குடு" என்றார். "அப்புறம், எங்க அக்காவோட சின்ன மவனுக்கு தையில கல்யாணம். நீங்கதான் எடுக்கணும். அம்மாவ அந்தச் சின்னக் கேமராவ எட்த்துகினு வரச் சொல்லு. இன்னாமா எடுத்துகீது! உன்னுது ரிப்பேர் ஆச்சா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தப் படத்தை எடுத்தது எது, என்ன லென்ஸ், எத்தனை படத்தில் ஒன்று, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ரெனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் தை மாசம் முத்தம்மாள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார்.

"இல்லண்ணா" என்றேன். "அது இன்னும் சரியாவல."

"பாவம்" என்றார். "கூடவே கொண்டாந்துடு, கழுத்துல மாட்டிக்க. இல்லாங்காட்டி உன்ன யாரு போட்டோக்காரன்னு மதிப்பாங்க?"

போனை வைத்த பிறகு ரெனி சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள் போல. வரவில்லை. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது எக்ஸ்சேஞ்ச் கடைக்காரன் விலை எழுதிக் கொடுத்த சீட்டு மேஜையில் கிடந்தது. அதை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சின்னக் கேமராவின் பேட்டரியைக் கழற்றி நானே சார்ஜில் போட்டேன்.